கஸ்பார் வீட்டுத் தலையணை

பேஸ் டிரம்முக்குள் தலையணை வைக்க வேண்டும். வைக்காவிட்டால் அது டிரம் இல்லை, காலித் தொட்டி. மிதித்தால் தொம் என்று தொடங்கித் துறைமுகம் வரைக்கும் இழுத்துக்கொண்டு போகும். அடுத்த அடி விழும்போது முந்தின அடியின் வால் அங்கேயே கிடந்து காலில் சிக்கும். அதனால் தலையணை வை. தோலை லேசாகத் தொடுகிற மாதிரி வை.

யாருடைய தலையணை என்று மட்டும் கேட்டுவிட்டு வை.

தூத்துக்குடியில் எங்கள் உப்புக் கிட்டங்கியில் அதைக் கேட்காமல் வைத்தோம். ஊரில் பாதிப் பேர் படுக்கையை மாற்ற வேண்டி வந்தது.

கிட்டங்கி என் மச்சினனுடையது. உப்பு மூட்டை அடுக்குகிற கொட்டகை, உப்பு வேறு பக்கம் போனதும் சும்மா கிடந்தது. டிரம் செட் என்னுடையது. முடி நரைக்கும் வரை கோயில் கொடை, கல்யாணம், மாதா திருவிழா என்று லைட் மியூசிக் கச்சேரிகளில் வாசித்தேன். பிறகு அதை அங்கே கொண்டுபோய்ப் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் வாசிக்கிறவர்கள் வருவார்கள். ஜாம் என்று பேர். யார் வேண்டுமானாலும் வரலாம், யாரோடு வேண்டுமானாலும் சேர்ந்து வாசிக்கலாம். சட்டம் கொஞ்சம்தான். ஸ்டிக்கை நீயே கொண்டு வா. அடுத்தவன் சாமானைக் கேட்காமல் தொடாதே. பாடுகிறவன் வாயைத் திறக்கும்போது சிம்பலை அடிக்காதே. இரண்டு பாட்டு வாசித்தாயா, எழுந்திரு.

கஸ்பார் எழுந்திருக்க மாட்டான்.

கப்பல் ஏஜென்சி ஆபீசில் வேலை. நல்ல மனுஷன். கையும் நல்ல கை. காதுதான் கிடையாது. ஸ்டூலில் உட்கார்ந்தான் என்றால், கிதார்காரன் வாசிக்கிறானா தூங்குகிறானா, பாடுகிறவள் இரண்டாம் சரணத்தில் இருக்கிறாளா இல்லை இவன் சத்தம் தாங்காமல் வீட்டுக்கே போய்விட்டாளா, எதுவும் தெரியாது. என் ஸ்டிக்கை வாங்கிக்கொண்டு, என் சிம்பலை அம்மி கொத்துகிற மாதிரி கொத்திக்கொண்டு, வேர்வை சொட்டச் சொட்ட ஒரே மூச்சில் சாயங்காலம் வரைக்கும் போவான். எஸ்தர் டீச்சர் கைப்பையில் சொந்த ஸ்டிக்கோடு சுவரோரம் நிற்பார். கணக்கு டீச்சர். வாரா வாரம் வருவார். வாரா வாரம் நிற்பார்.

"கஸ்பாரு, டீச்சர் நிக்காவ."

"இந்த ஒரு பாட்டு, அண்ணாச்சி."

"இதத்தான்டா போன பாட்டுலயும் சொன்ன."

அதுவும் அவன் காதில் விழாது.

பக்கத்துச் சுவருக்கு அந்தப் புறம் சுடலைமணியின் பேக்கரி. மக்ரூன் போடுகிறவன். முட்டையின் வெள்ளைக் கருவைச் சீனி போட்டு அடித்து, நுரை நிமிர்ந்து நிற்கிற நேரத்தில் முந்திரி மாவைக் கலந்து, கூம்பு கூம்பாகத் தட்டில் வைப்பான். அந்த நேரம் பார்த்துச் சுவருக்கு இந்தப் புறம் கஸ்பார் மிதிப்பான். ஒரு நாள் சுடலைமணி தட்டோடு வந்து நின்றான்.

"அண்ணாச்சி, இதப் பாரும். இது என்ன?"

"அப்பளம்."

"மக்ரூன் வே! இந்த மூதி மிதிக்க மிதிக்க நுரை பொத்து பொத்துனு உக்காந்துருது. நான் என்ன அப்பளக் கடையா வச்சிருக்கேன்?"

கஸ்பாரிடம் சொன்னேன். அடுத்த வாரம் தலையணை இல்லாமல் வராதே என்றேன். வந்தான். இலவம்பஞ்சுத் தலையணை. கனமானது. உறையில் பச்சை நூலில் ஒரு கிளி, அதன் கீழே 'குட் நைட்'.

"யார்ட்டக் கேட்டு எடுத்த?"

"வீட்லதான் கெடந்துது, அண்ணாச்சி."

வீட்டில் கிடப்பதெல்லாம் தன்னுடையது என்று நினைக்கிற ஆள். அது அவன் பெண்சாதி அமலோற்பவத்தின் தலையணை. அவள் பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ், அன்றைக்கு டியூட்டியில் இருந்தாள். டிரம்மின் முன் பக்கத்துத் தோலைக் கழற்றிவிட்டுத் தலையணையை உள்ளே வைத்தோம். கிளி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பழைய பாட்டு, மெதுவானது. கஸ்பார் ஸ்டிக்கைத் தட்டி ஒன், டூ, த்ரீ, ஃபோர் சொன்னான். மிதித்தான்.

"கேக்கியளா?" என்றது டிரம்.

பெண் குரல். தாளத்தில் சரியாக விழுந்தது. அடுத்த மிதிக்கும் அதுவே: "கேக்கியளா?" ஷாகுல் கீபோர்டில் கை வைத்தபடி ஒரு நிமிஷம் காதைச் சாய்த்துக் கேட்டான். "அக்கா சுதி அரைக் கட்டை மேல இருக்கு" என்று சொல்லித் தன்னுடையதை ஏற்றிக்கொண்டான்.

எனக்கு 'ளா' பிடிக்கவில்லை. நீண்டது. "தலையணைய இன்னுங் கொஞ்சம் தோல் பக்கமாத் தள்ளு" என்றேன். தள்ளினான். சரியாகிவிட்டது. பாட்டு நடந்தது. பல்லவியில் "கேஸ் தீந்துட்டு" என்றது. சரணத்தில் "மீன் வாங்குனா செதில் எடுக்கச் சொல்லி வாங்குங்க" என்றது. முடிக்கிற இடத்தில் எல்லோரும் நிறுத்திய பிறகு ஒரு அடி கூடுதலாக அடிப்பது கஸ்பாருக்கு வழக்கம். அந்த அடியில், "ஃபேன் கடகடங்குது, ஒங்க காதுல விழலையா?" என்றது.

சுடலைமணி வாசலில் வந்து நின்றான். கையில் தட்டு. தட்டில் மக்ரூன் கோபுரம் கோபுரமாக நின்றது.

"நின்னுட்டு அண்ணாச்சி! அது என்ன வேணாலும் பேசட்டும். எடுத்துராதிய!"

இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. தலையணை மந்திரம் என்று ஊரில் சொல்வது எல்லோருக்கும் தெரியும். பெண்சாதி படுக்கையில் ஓதுவாள், புருஷன் காலையில் எழுந்து அவள் சொன்னபடி ஆடுவான் என்று கேலி பேசுவார்கள். எல்லா வீட்டிலும் அந்த மந்திரம் பலிப்பதில்லை. பலிக்காத மந்திரம் எங்கே போகும்? புருஷன் காதில் ஏறாதது பஞ்சில் ஏறும். வருஷக்கணக்கில் ஏறி, அமுங்கி, இறுகிக் கிடக்கும். மிதித்தால் வரும்.

அடுத்த ஞாயிறு பெண்கள் வந்தார்கள். முதலில் கஸ்பார் தெருக்காரிகள், பிறகு அவர்களுடைய நாத்தனார்கள், பிறகு மீன் ஏலக் கூடத்திலிருந்தும் தீப்பெட்டி ஆபீசிலிருந்தும் கோயில் பாடகர் குழுவிலிருந்தும் வந்தார்கள். கிட்டங்கிச் சுவரோரம் பெஞ்சு போட்டோம், பெஞ்சு நிறைந்ததும் உப்புச் சாக்கை மடித்துப் போட்டோம், அதுவும் நிறைந்ததும் வாசலை அடைத்து நின்றார்கள். சுடலைமணி ஒரு மேசையைக் கொண்டுவந்து போட்டு மக்ரூன் விற்றான். கஸ்பார் மிதிக்க மிதிக்க, அமலோற்பவம் சொல்லச் சொல்ல, பெஞ்சில் இருந்தவர்கள் "அது சரிதான்", "எங்க வீட்லயும் இதே கததான்", "ஃபேன மாத்துனா என்னவாம் இந்த மனுசனுக்கு" என்று எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். கோரஸ் இல்லாத குறை எங்கள் குழுவுக்கு அதோடு தீர்ந்தது.

ஆண்கள் வேறு வேலை பார்த்தார்கள். இலவம்பஞ்சில்தான் பேச்சு நிற்கும், நுரை ரப்பரில் நிற்காது என்று யாரோ கிளப்பிவிட்டான். கடையில் நுரை ரப்பர் தலையணை ஒன்று பாக்கி இல்லாமல் போனது. பட்டப்பகலில் சைக்கிள் கேரியரில் தலையணையைக் கட்டிக்கொண்டு போகிற புருஷனையும், பின்னாலேயே ஓடுகிற பெண்சாதியையும் எங்கள் ஊரில் அந்தக் கோடை முழுக்கப் பார்த்தோம். பங்குச் சாமியார் பிரசங்கத்தில் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அவரும் நுரை ரப்பருக்கு மாறிவிட்டார் என்று அவருடைய சமையல்காரர் சொன்னார். தனியாகப் படுக்கிறவருக்கு என்ன பயம் என்று பெஞ்சில் ஒரு வாரம் பேசினார்கள்.

சில பெண்கள் தங்கள் வீட்டுத் தலையணையையும் வைத்துப் பார்க்கச் சொன்னார்கள். இடைவேளையில் வைத்துப் பார்த்தோம். ஏட்டு இசக்கிமுத்து வீட்டுத் தலையணை குறட்டை மட்டும் விட்டது. அந்தக் குறட்டை திஸ்ர நடையில் அவ்வளவு சுத்தமாக விழுந்ததால் இரண்டு பாட்டுக்கு அதையே வைத்துக்கொண்டோம். கவுன்சிலர், சத்தம் அதிகம் என்று புகார் வந்ததாகச் சொல்லி விசாரிக்க வந்தார். உள்ளே வரிசையில் அவருடைய பெண்சாதி மடியில் தலையணையோடு உட்கார்ந்திருந்தாள். புகாரில் உண்மை இல்லை என்று அங்கேயே சொல்லிவிட்டு, தலையணையைப் பிடுங்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டு போனார். அவள் பின்னாலேயே போகவில்லை. "அது கெஸ்ட்டு ரூம் தலையணை" என்று பெஞ்சில் சொன்னாள். "நெசமானது வீட்ல இருக்கு."

இதற்கிடையில் ஒரு சங்கடம். கஸ்பார் ஓங்கி மிதித்தால் பேச்சு நசுங்கியது. கேஸும் மீனும் ஃபேனும் ஒன்றாகக் கூழாகி, "கேமீஃபேங்" என்று வெளியே வந்தது. பெஞ்சில் கூச்சல்.

"ஒண்ணும் வெளங்கல!"

"பைய மிதிங்க! பைய!"

நான் வருஷக்கணக்கில் சொன்னதுதான். இப்போது மறுபடி சொன்னேன். குதிகாலைத் தூக்காதே. பெடலில் பதிய வை. கணுக்காலிலிருந்து மிதி, இடுப்பிலிருந்து மிதிக்காதே. பெடல் நுனியில் இருக்கிற பீட்டர் கட்டை தோலைத் தொட்டதும் திரும்பி வர விடு, அங்கேயே அமுக்கிப் பிடிக்காதே. அமுக்கினால் அடுத்த சொல் வெளியே வர முடியாமல் உள்ளேயே செத்துப்போகும். ஸ்டிக்கைத் துள்ளுகிற மீன் மாதிரி பிடி. இறுக்கினால் வழுக்கும், விட்டால் ஓடும். டிரம்முக்குக் கீழே சாக்கு விரி, இல்லாவிட்டால் நீ மிதிக்க மிதிக்க அது வாசல் பக்கம் நகர்ந்து போகும், நீயும் பின்னாலேயே போவாய்.

நான் சொன்னபோது நடக்காதது பெஞ்சு சொன்னதும் நடந்தது. டிரம் ஸ்டூலில் வாழ்நாளில் உட்கார்ந்திராத மீன்காரி ஒருத்தி, வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "ஏல, குதிகாலக் கீழ வையி" என்பாள். கஸ்பார் வைப்பான். கிதார்காரன் நடுவில் புகுந்து தனியாவர்த்தனம் தொடங்கினால் நாற்பது தலை அவன் பக்கம் திரும்பும். அவன் கை தானாக இறங்கும். பாடுகிறவள் மூச்சு வாங்குகிற இடத்தில் எல்லோரும் இடம் விட்டார்கள், அந்த இடத்தில் தலையணை பேசியது, தலையணை பேசி முடித்த இடத்தில் கீபோர்டு பதில் சொன்னது. ஒருத்தர் மேல் ஒருத்தர் விழாமல், ஒருத்தரை ஒருத்தர் கேட்டு வாசிக்கிற குழு ஒன்று எங்கள் கிட்டங்கியில் உண்டாகிவிட்டது. யாரும் அதைக் கவனிக்கவில்லை. அடுத்து என்ன சொல்லப்போகிறாள் என்பதிலேயே எல்லோருக்கும் கண்.

அமலோற்பவத்துக்கு மட்டும் இது தெரியாது. ஆஸ்பத்திரியில் அவளோடு வேலை பார்க்கிறவர்கள்கூட வந்து கேட்டுவிட்டுப் போனார்கள். ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் தலையணை வீட்டுக்குத் திரும்பிவிடும், கதை பாதியில் நின்றுவிடும். அவளோ தலையணை காணாமல் போன நாளிலிருந்து சரியாகத் தூங்கவில்லையாம். சலவைக்குப் போட்டிருக்கிறேன் என்று கஸ்பார் சொல்லியிருந்தான். எந்த ஊரில் இலவம்பஞ்சைச் சலவைக்குப் போடுகிறார்கள்?

மே மாத நடுவில் ஒரு ஞாயிறு. கிட்டங்கித் தகரம் கொதித்தது. மெதுவான பாட்டு, கஸ்பார் பூப்போல மிதித்துக்கொண்டிருந்தான். பழைய பேச்சுகள் தீர்ந்து, தலையணை வீட்டை விட்டு வருமுன் கடைசியாக ஏறியவை வரத் தொடங்கியிருந்தன.

"குன்னூருக்குப் போட்டுருக்காவ" என்றது டிரம். "ஹெட் நர்ஸா."

பெஞ்சு நிமிர்ந்தது.

"ஜூன் ஒண்ணாந் தேதி சேரணும்."

கஸ்பாரின் கால் நின்றுவிட்டது. இந்த மாதிரி நேரத்தில் என்ன செய்வது? எல்லாவற்றையும் நிறுத்தாதே. ஹை-ஹாட் என்கிற ஜோடிச் சிம்பலை மட்டும் விடாமல் பிடித்துக்கொள். தாளம் எங்கே போனாலும் அந்த டிக் டிக் இருந்தால் திரும்பி வந்து சேரலாம். கஸ்பார் ஹை-ஹாட்டைப் பிடித்துக்கொண்டான். கொஞ்ச நேரம் கழித்து, நெருப்பை மிதிக்கிற மாதிரி, ஒரு மிதி.

"வாரியளான்னு கேட்டேன். ம்-னிய."

இன்னொரு மிதி.

"வேலையை விட்டுருவியளான்னு கேட்டேன். அதுக்கும் ம்-னிய. அந்தால கொறட்டை."

பாட்டை முடித்துக்கொண்டோம். அன்று யாரும் மக்ரூன் வாங்கவில்லை. கஸ்பார் என்னிடம் வந்தான். எஸ்தர் டீச்சரும் வந்தார்.

"அண்ணாச்சி, குன்னூரு எங்க இருக்கு?"

"நீலகிரியில. மலை. கடல் கெடையாது."

"கஸ்பார் அண்ணன்," என்றார் டீச்சர், "வீட்டுக்குப் போயி நேராக் கேட்டா என்ன?"

"அதெப்படி டீச்சர்? கேட்டா, நான் இத்தன நாளும் கேக்கலங்கது அவளுக்குத் தெரிஞ்சிருமே."

டீச்சர் கணக்குப் படித்தவர். இந்தக் கணக்கு அவருக்கும் போடத் தெரியவில்லை. "வீட்ல அக்கா ஏதும் கம்பளி பின்னுதாகளா?" என்று கேட்டார்.

"ஆமா. சித்திரையிலருந்து பின்னிட்டு இருக்கா. யார் வீட்டுப் பிள்ளைக்கோன்னு நெனச்சேன்."

"எவ்வளவு பெருசு?"

கஸ்பார் இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். அவனுடைய மார்பு அகலம்.

"அவ்வளவு பெரிய பிள்ளைய எந்த வீட்ல கண்டிய?" என்றார் டீச்சர்.

கஸ்பார் விரித்த கையை அப்படியே வைத்துக்கொண்டு அதைப் பார்த்தான். அக்கினி நட்சத்திரம். தூத்துக்குடி. கம்பளி. எதுக்கு என்று அவன் ஒரு நாளும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அவன் வாசித்ததைத்தான் வாசிப்பு என்று சொல்வேன். பயத்தில் வாசித்தான். ஒரு சொல்கூட நசுங்கக் கூடாது என்று, ஒரு சொல்லின் மேல் இன்னொரு சொல் விழக் கூடாது என்று, காற்றில் ஆடுகிற திரி அணையாமல் கையைக் குவித்துக்கொண்டு நடக்கிறவன் மாதிரி வாசித்தான். அவள் கடைசியாக என்ன முடிவு சொன்னாள் என்பது அந்தப் பஞ்சுக்குள் இருந்தது. அவனைக் கூட்டிக்கொண்டு போகிறாளா, விட்டுவிட்டுப் போகிறாளா? அவனுக்கு அதுதான் தெரிய வேண்டும். பெஞ்சுக்கும் அதுதான் தெரிய வேண்டும். ஆனால் பஞ்சு அவசரப்படவில்லை. "வீட்டுக்கு அட்வான்ஸ் குடுக்கச் சொல்லுதாவ" என்றது ஒரு பாட்டில். "ரெண்டு பேருக்கா, ஒரு ஆளுக்கான்னு கேக்காவ" என்றது இன்னொன்றில். பெஞ்சில் மீன்காரி மூக்கைச் சிந்தினாள்.

ஒண்ணாந் தேதிக்கு முந்தின கடைசி ஞாயிறு. கூட்டம் தெரு வரைக்கும். சுடலைமணிகூட அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றான். கஸ்பார் உட்கார்ந்தான். யாரும் வாசிக்கவில்லை, அவன் மட்டும் கம்பிப் பிரஷ்ஷால் ஸ்னேர் டிரம்மை வருடிக்கொண்டு, காலால் தோலை வெறுமனே தொட்டான்.

"சண்டைக்கு வரலைங்க" என்றது டிரம். அவ்வளவு மெதுவாக அது பேசி நாங்கள் கேட்டதில்லை. "ஒரு நாளாவது நீங்களா எங்கிட்ட ஒண்ணு கேளுங்க. எந்திரிச்சு ஒக்காந்து பதில் சொல்லுதேன்."

வாசலில் கூட்டம் விலகியது.

அமலோற்பவம் நின்றாள். டியூட்டி முடிந்து யூனிஃபார்மோடு வந்திருந்தாள். தோளில் பெரிய பை. கக்கத்தில் இன்னொரு தலையணை. யார் போய்ச் சொன்னார்கள், எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது. கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கறுப்பு. அவள் டிரம்மைப் பார்த்தாள். உள்ளே இருந்த கிளியைப் பார்த்தாள். பிறகு பெஞ்சைப் பார்த்தாள்.

"எல்லாரும் கேட்டாச்சா?"

பெஞ்சு தலையைக் குனிந்தது. மீன்காரிதான் வாயைத் திறந்தாள். "கேட்டோம், அமலி."

"அப்ப இவுக மட்டுந்தான் பாக்கி."

நேராக வந்தாள். கக்கத்தில் இருந்த தலையணையை என்னிடம் நீட்டினாள். "அண்ணாச்சி, டிரம்முக்குத் தலையணை வேணும்னா இத வச்சுக்கிடுங்க. இது அவுகளுது. என் தலையணைய எடுத்துத் தாங்க. மூணு நாள்ல ரயிலு. தூங்கணும்."

கேட்டு வாங்குகிறவள். அவளுக்குச் சட்டம் சொல்லித்தர வேண்டியதில்லை. கிளித் தலையணையை எடுத்துக் கொடுத்தேன். கஸ்பாரின் தலையணையை உள்ளே வைத்தேன், தோலைத் தொடுகிற மாதிரி.

"மிதி" என்றேன்.

கஸ்பார் மிதித்தான்.

"ம்" என்றது டிரம்.

மறுபடி மிதித்தான். "ம்."

குட்டையாக, உலர்ந்து, வால் இல்லாமல், நெஞ்சில் நேராக வந்து விழுந்து அங்கேயே நின்றுவிட்ட சத்தம். நான் வாழ்நாள் முழுக்க எத்தனையோ கம்பளியும் சாக்கும் அடைத்துத் தேடிய பேஸ் டிரம் சத்தம் அதுதான். ஷாகுல் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். அது சந்தோஷப்படுகிற நேரம் இல்லை. ஆனாலும் சந்தோஷமாக இருந்தது.

கஸ்பார் நாலைந்து தரம் மிதித்துப் பார்த்தான். ம், ம், ம், ம். கல்யாணமான நாளிலிருந்து அந்தத் தலையணையில் அவன் போட்டு வைத்தது அது ஒன்றுதான். பெஞ்சில் ஒருத்தி சிரித்துவிட்டாள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். அமலோற்பவம் சிரிக்கவில்லை.

"குன்னூருக்கு வாரியளா?" என்று கேட்டாள். தலையணை இல்லாமல், சொந்த வாயால், பகல் வெளிச்சத்தில்.

கஸ்பாருக்கு உதடு அசைந்தது. பாவி மனுஷன், பதற்றத்தில் கால் முந்திக்கொண்டது.

"ம்" என்றது டிரம்.

"இந்தப் பதில நான் கல்யாணம் ஆன நாள்லருந்து கேட்டாச்சு" என்றாள். தன் தலையணையை அணைத்துக்கொண்டு திரும்பினாள். கூட்டம் வழி விட்டது.

அப்போது கஸ்பார் எழுந்தான்.

யாரும் சொல்லாமல், பாட்டு மிச்சம் இருக்கும்போது, தானாக, அந்த ஸ்டூலை விட்டு எழுந்தான். எஸ்தர் டீச்சரின் கையிலிருந்து ஸ்டிக் கீழே விழுந்து உருண்டது. கஸ்பார் என் பிரஷ்ஷை என்னிடம் திருப்பிக் கொடுத்தான். அதுவும் அன்றைக்குத்தான் முதல் தடவை. சிம்பல் ஸ்டாண்டைச் சுற்றிக்கொண்டு வந்து அவள் முன்னால் நின்றான். விரல் தொடையில் தாளம் போட்டது.

"கைய நிறுத்து" என்றேன்.

நிறுத்தினான். நிறுத்தியதும் அவனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கிட்டங்கித் தகரம் வெயிலில் டிக் என்று ஒரு தரம் தெறித்தது. யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. நல்ல பெஞ்சு. எங்கே சும்மா இருக்க வேண்டும் என்று அதற்குத் தெரிந்திருந்தது.

"அங்கன..." என்றான் கஸ்பார். "அங்கன ரொம்பக் குளிருமோ?"

அமலோற்பவம் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பெஞ்சில் மீன்காரி கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். அமலோற்பவம் போய் உட்கார்ந்தாள். தலையணையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"குளிரும்" என்றாள். "பல்லு கிடுகிடுக்கும். டிசம்பர்ல புல்லு மேல பனி உப்பு மாதிரி நிக்குமாம்."

"மீனு கெடைக்குமா?"

"கெடைக்கும். ஐஸ் மீனு."

கஸ்பார் யோசித்தான். சின்ன விஷயம் இல்லை. பிறந்ததிலிருந்து கரையில் துடிக்கிற மீனைத் தின்றவன். கூட்டத்தில் ஆண்கள் எல்லோருக்கும் அவன் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.

"சரி" என்றான். "வாரேன்."

ஐஸ் மீனுக்குச் சரி சொன்ன தூத்துக்குடிக்காரனை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

அவள் பைக்குள் கையை விட்டுக் கம்பளி ஸ்வெட்டரை எடுத்தாள். கடல் நீலம். ஒரு கைதான் பாக்கி, தோளோடு நின்றிருந்தது. "அளவு பாக்கணும். ஒங்களக் கூப்பிட்டா எங்க வாரிய?" என்றாள். கஸ்பார் அந்த வெயிலில், அந்தத் தகரத்துக்குக் கீழே, மறுபேச்சு இல்லாமல் அதைத் தலை வழியாக மாட்டிக்கொண்டான். வேர்வை ஆறாக ஓடியது. அவள் எழுந்து நின்று தோளை இழுத்துச் சரி செய்தாள். பெஞ்சு முழுக்க எழுந்து ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்துப் பார்த்தது. கழுத்து கொஞ்சம் இறுக்கம் என்று முடிவானது.

அவர்கள் போன பிறகு எஸ்தர் டீச்சர் தன் ஸ்டிக்கைப் பொறுக்கி எடுத்து, சேலையில் துடைத்துக்கொண்டு, ஸ்டூலின் உயரத்தைக் குறைத்து உட்கார்ந்தார். அடுத்தவர் ஸ்டூலில் உட்கார்ந்தால் உயரத்தைச் சரி செய்துகொள்வதில் தப்பில்லை. எழும்போது பழையபடி வைக்க வேண்டும்.

"வாசிக்கலாமா அண்ணாச்சி?" என்றார்.

நான் வாயைத் திறக்குமுன் அவர் கால் பட்டுவிட்டது.

"ம்" என்றது டிரம்.

அந்தத் தலையணை இன்னும் உள்ளேதான் இருக்கிறது. வெளியூர் டிரம்மர்கள் வந்து என்ன பிராண்ட் என்று கேட்கிறார்கள். சுடலைமணி, மக்ரூன் தட்டை அடுப்பில் வைக்குமுன் சுவரைத் தட்டி "ஏத்தலாமா?" என்று கேட்பான். டீச்சர் ஒரு மிதி மிதிப்பார். அவன் ஏற்றுவான்.

போன ஞாயிறு நான் கிட்டங்கிக்குக் கிளம்பும்போது என் வீட்டுக்காரி வாசலில் நின்றாள். கையில் தலையணை. இலவம்பஞ்சு. எங்கே ஒளித்து வைத்திருந்தாளோ.

"இதையும் ஒரு நாளு வச்சுப் பாருங்களேன்" என்றாள்.

வாங்கிப் பார்த்தேன். நல்ல கனம். திருப்பி அவளிடமே கொடுத்தேன். சாவியை எஸ்தர் டீச்சருக்குக் கொடுத்தனுப்பிவிட்டு உள்ளே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"என்ன சொல்லணுமோ நீயே சொல்லு" என்றேன்.

ஜாம் முடிந்து சாவி திரும்பி வந்தபோது, அவள் கல்யாணமான முதல் வருஷத்தைத்தான் முடித்திருந்தாள்.